நிழலும் நிலவும்

நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பது நம் நாட்டுப் பழமொழி. நெடுவழி நடந்து களைத்தவன் மரத்தடியில் ஒதுங்கும்போது அதன் பொருளை நன்கு உணர்கிறான். ஆயினும் நிழலுக்கு மற்றோர் அருமையும் உண்டு. பொருள்களின் வடிவத்தை நமக்கு அறிவிக்கும் தூதுவனாகவும் அது விளங்குகிறது. அத்தூதுவனின் மொழியை ஓவியர்கள் கற்ற வரலாற்றையும், அம்மொழியை அறிந்த ஒருவர் வானத்து நிலவையே புதிதாகப் படித்துக் காட்டிய வரலாற்றையும் இன்று நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் என் அனுபவம் ஒன்று. நான் ஆசிரியப் பயிற்சி பெற்ற காலத்தில் எங்களுக்கு ஓவியமும் ஒரு பாடம். ஒரு நாள் ஓவிய ஆசிரியர் சுண்ணாம்பு பூசிய மண்குடம் ஒன்றைச் சாளரத்தின் அருகே முக்காலியின்மேல் வைத்து, அதனை வரையுமாறு பணித்தார். குடத்தின் வெளிக்கோட்டை நான் ஒருவாறு சரியாக வரைந்துவிட்டேன். பிறகு, குடம் உருண்டையாகத் தோன்ற வேண்டுமே என்று இரு பக்கங்களிலும் கரியைத் தேய்த்தேன். கழுத்தின் கீழே சிறிது கருமை, அடியிலே சிறிது கருமை. எங்கெங்கே நிழல் இருந்தால் அழகாயிருக்கும் என்று தோன்றியதோ அங்கெல்லாம் தேய்த்தேன். ஆசிரியர் என் பின்னால் வந்து நின்று படத்தைச் சிறிது நேரம் பார்த்தார். "தம்பி, இந்த அறையில் சாளரம் இருக்கிறது. உம்முடைய படத்தில் சாளரம் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். "குடத்தைத்தானே ஐயா வரையச் சொன்னீர்கள்?" என்றேன். உடன் பயின்றோர் சிரித்தனர். அவர் சிரிக்கவில்லை. "சாளரத்தை வரைய வேண்டாம். ஆனால் சாளரம் எந்தப் பக்கம் என்று படத்தைப் பார்ப்பவன் சொல்லும்படி வரைய வேண்டும்" என்றார்.

பின்னர் என்னைக் குடத்தின் அருகே அழைத்துச் சென்று காட்டினார். சாளரத்தை நேராக நோக்கும் இடம் மிக வெளிறியிருந்தது. அங்கிருந்து வளைவு விலக விலக ஒளி படிப்படியாகக் குறைந்தது. மறுபக்கம் நல்ல கருமை. ஆனால் மிகுந்த கருமை குடத்தின் கடைசி ஓரத்தில் இல்லை. ஓரத்திற்குச் சற்று உள்ளே இருந்தது. தரையிலும் சுவரிலும் பட்ட வெளிச்சம் திரும்பிவந்து அந்த ஓரத்தை இலேசாக விளக்கிக்கொண்டிருந்தது. முக்காலியின்மேல் குடம் எறிந்த நிழலோ, குடத்தை ஒட்டிய இடத்தில் செறிந்தும் விலகிய இடத்தில் மெலிந்தும் காணப்பட்டது. "கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பாரும். முதலில் மிக வெளிறிய இடம் எது, மிகக் கருத்த இடம் எது என்று இரண்டை முடிவு செய்யும். மற்றவையெல்லாம் அவ்விரண்டுக்கும் நடுவே படி படியாக அமர வேண்டும். ஒரு படியை மாற்றினால் குடம் நசுங்கிவிடும்" என்றார் ஆசிரியர்.

அடுத்த வாரம் அதே குடத்தின்மேல் கரியால் ஒரு கறை பூசி வைத்தார். கறையும் கருமை, நிழலும் கருமை. இரண்டையும் எவ்வாறு பிரித்தறிவது என்று எங்களைக் கேட்டார். ஒருவரும் விடை கூறவில்லை. உடனே அவர் அந்தச் சாளரத்தை மூடிவிட்டு எதிர்ப்பக்கத்துச் சாளரத்தைத் திறந்தார். குடம் அசையவில்லை, நிழல் இடம் மாறிற்று, கறை இருந்த இடத்திலேயே இருந்தது. "ஒளி இடம் மாறினால் மாறுவது நிழல், மாறாதது கறை" என்றார். மிக எளிய பாடம். இந்த எளிய பாடம் பதினேழாம் நூற்றாண்டில் வானநூலின் போக்கையே திருப்பியது என்பதைப் பல்லாண்டுகள் கழித்தே நான் நூல்களின் வாயிலாக அறிந்தேன்.

நிழல் தீட்டும் கலை ஒரு நாட்டுக்கு மட்டும் உரியதன்று. நம் நாட்டு விஷ்ணுதர்மோத்தரம் என்னும் வடமொழி நூல் இதனை வர்த்தனை என்று பெயரிட்டு மூவகையாகப் பிரிக்கிறது. அஜந்தா ஓவியர்கள் உடலின் திரட்சியைக் காட்ட ஓரங்களில் வண்ணத்தைக் கருக்கி, நடுவில் வெளிறச் செய்தனர். அவர்கள் நாடியது வடிவத்தின் திரட்சி. ஓரிடத்தில் சாளரத்தை நிறுத்தி, அதன் ஒளிக்கேற்பப் படம் முழுவதையும் நிழலிடுவது அவர்கள் வழியன்று. அந்த வழியைக் கடுமையான பயிற்சியாக வளர்த்தவர்கள் இத்தாலி நாட்டுப் புளோரன்ஸ் நகரத்தார்.

1400ஆம் ஆண்டையொட்டி அந்நகர மரபில் பயின்ற சென்னினோ சென்னினி என்ற ஓவியர் தம் தொழிலைப் பற்றி ஒரு கையேடு எழுதினார். மாணவன் வரைய அமரும்போது வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வரட்டும் என்று அதில் அறிவுரை கூறுகிறார். கோயிலின் சுவரில் எழுதும்போது அக்கோயிலின் சாளரம் எப்பக்கம் உள்ளதோ அப்பக்கத்திலிருந்தே படத்திற்குள்ளும் ஒளி விழ வேண்டும் என்பது அவர் விதி. ஓர் ஆடையைத் தீட்டுவதற்கு ஒரே வண்ணத்தைக் கருமை, நடுநிலை, வெளிர்மை என மூன்று கிண்ணங்களில் கலந்து வைத்துக்கொள்ளச் சொல்கிறார். எங்கள் ஆசிரியர் கூறிய படிகள் இவையே அல்லவா!

அவருக்குப் பின் கால் நூற்றாண்டு கழித்து மசாச்சோ என்னும் இளைஞர் புளோரன்ஸில் கார்மினே ஆலயத்தின் பிரான்காச்சி சிற்றாலயத்தில் சுவரோவியங்கள் தீட்டினார். அச்சிற்றாலயத்தின் உண்மையான சாளரத்திலிருந்தே ஒளி வருவதுபோல அவர் தம் மாந்தர்க்கு நிழல் அமைத்தார். அவ்வோவியங்களுள் ஒன்றின் பொருளே நிழல்தான். பேதுரு என்னும் திருத்தூதர் தெருவில் நடந்து செல்கிறார். அவருடைய நிழல் பட்ட நோயாளிகள் எழுந்து நிற்கின்றனர். நிழல் தரையில் விழாவிட்டால் கதையே இல்லை. அவ்வளவு பொருளுடைய நிழலைத் தீட்டிய மசாச்சோ 1428இல், முப்பது வயது நிரம்புமுன்பே மறைந்தார்.

1435இல் ஓவியம் பற்றி நூல் எழுதிய ஆல்பெர்ட்டி, வெள்ளையையும் கருப்பையும் அளவின்றி வாரிப் பூசும் ஓவியரைக் கடிந்துரைத்தார். அவை முத்துகளைப்போல் விலையுயர்ந்த பொருளாக இருந்திருந்தால் ஓவியர் சிக்கனமாய்க் கையாண்டிருப்பர் என்பது அவர் கருத்து. அதன் நுட்பம் எளிதில் விளங்கக்கூடியது. மிக வெளிறிய வெள்ளையைக் கன்னத்தில் செலவழித்துவிட்டவனுக்குக் கையில் ஏந்திய விளக்கின் சுடரைக் காட்ட என்ன மிஞ்சும்?

அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் லியொனார்டோ டா வின்சி இக்கலையை ஓர் ஆராய்ச்சியாகவே ஆக்கிவிட்டார். ஈரக் களிமண்ணில் தோய்த்த துணிகளை மண்ணுருவங்களின்மேல் போர்த்தி, அவற்றின் மடிப்புகளில் ஒளியும் நிழலும் படியும் விதத்தை மெல்லிய துணியில் தூரிகையால் வரைந்து பழகினார். மனித முகத்தைத் தீட்டுவதற்குக் கடும் வெயிலைவிட மாலையின் மென்மையான ஒளியே சிறந்தது என்று குறித்துவைத்தார். ஒரு பொருளிலிருந்து திரும்பி மற்றொன்றின் நிழலை விளக்கும் மறு ஒளியைக் கூர்ந்து நோக்கினார். மூன்றாம் பிறையின்போது நிலவின் இருண்ட பகுதியும் மங்கலாகத் தெரிவதை நாம் கண்டிருக்கிறோம். பூமியின்மேல் பட்ட கதிரொளி திரும்பிச் சென்று நிலவை விளக்குவதே அதன் காரணம் என்று அவர் தம் குறிப்பேட்டில் எழுதினார். குடத்தின் ஓரத்தை விளக்கிய அதே மறு ஒளியை அவர் வானத்திலும் கண்டார். ஆனால் அக்குறிப்பேடு அவர் காலத்தில் அச்சேறவில்லை.

1563இல் புளோரன்ஸில் வரைகலைக் கழகம் ஒன்று நிறுவப்பட்டது. ஓவியரும் சிற்பியரும் அங்கே கணிதமும் பயின்றனர். அதற்கடுத்த ஆண்டு, 1564இல், பைசா நகரில் கலீலியோ பிறந்தார். அவருக்குக் கணிதம் கற்பித்த ஒஸ்தீலியோ ரிச்சி அக்கழகத்திலும் பாடம் சொன்னவர். லொடோவிக்கோ சிகோலி என்ற ஓவியர் கலீலியோவின் நெருங்கிய நண்பர். தமக்குத் தொழிலைத் தேர்ந்துகொள்ளும் வாய்ப்பு இருந்திருந்தால் ஓவியத்தையே தேர்ந்திருப்பேன் என்று கலீலியோ சொல்லி வந்ததாக, அவருடைய மாணவரும் வரலாற்றாசிரியருமான விவியானி எழுதியிருக்கிறார்.

இனி நிலவுக்கு வருவோம். அரிஸ்டாட்டிலைப் பின்பற்றிய அக்காலப் புலவர்கள், வானத்துப் பொருள்கள் யாவும் குறையற்றவை, நிலவும் வழுவழுப்பான உருண்டை என்று கருதினர். அதில் வெறுங்கண்ணுக்குத் தெரியும் கருமைகளுக்கு, நிலவின் பொருள் சில இடங்களில் செறிந்தும் சில இடங்களில் நெகிழ்ந்தும் இருப்பதே காரணம் என்றனர். சுருங்கச் சொன்னால், கருமை அனைத்தும் கறை, எதுவும் நிழலன்று.

1609இல் தொலைநோக்கி பரவத் தொடங்கியது. இங்கிலாந்தில் தாமஸ் ஹாரியட் என்னும் சிறந்த கணித அறிஞர், இலண்டனை அடுத்த சையன் மாளிகையிலிருந்து, அந்நாட்டு அந்நாளைய நாட்காட்டியின்படி ஜூலை 26ஆம் நாள் நிலவை நோக்கி வரைந்தார். தொலைநோக்கியின் வழியே கண்டு வரைந்த நிலவுப் படங்களுள் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழையது அதுவே. ஒளியும் இருளும் சந்திக்கும் எல்லை அதில் கரடுமுரடான கோடாக உள்ளது. இருளுக்குச் சில கீற்றுகள் இழுத்திருக்கிறார். மலையோ பள்ளமோ அப்படத்தில் இல்லை. அவருடைய நண்பர் வில்லியம் லோயர் 1610 பிப்ரவரியில் நிலவைக் கண்டு, அது தம் சமையற்காரர் செய்த பழப் பணியாரம்போல் இருக்கிறது, இங்கே வெளுப்பும் அங்கே கருப்புமாய்க் குழம்பிக் கிடக்கிறது என்று ஹாரியட்டுக்கு எழுதினார்.

கலீலியோ பாதுவா நகரில் 1609 நவம்பர் 30ஆம் நாள் தொடங்கிச் சில வாரங்கள் நிலவைப் பார்த்தார். பார்த்ததைப் பழுப்பு மையை நீரில் கரைத்துத் தூரிகையால் தீட்டினார். அப்படங்கள் இன்றும் புளோரன்ஸ் தேசிய நூலகத்தில் உள்ளன. தாளின் வெண்மையை ஒளிக்கு விட்டு, மையின் கரைசலைப் படிப்படியாக அடர்த்தியாக்கி, அவர் நிழலை அமைத்திருப்பதைக் காண்பவர் இது பயின்ற கை என்று உடனே கூறுவர்.

அவர் கண்டது யாது? நிலவு வழுவழுப்பான உருண்டையாயின், ஒளிக்கும் இருளுக்கும் இடைப்பட்ட எல்லை சீரான வளைகோடாய் இருத்தல் வேண்டும். அதுவோ வளைந்தும் நெளிந்தும் பிளந்தும் கிடந்தது. எல்லையை ஒட்டிச் சிறு கரும்புள்ளிகள் பல இருந்தன. அவை ஒவ்வொன்றிலும் கதிரவன் இருக்கும் பக்கம் கருத்தும், எதிர்ப்பக்கம் ஒளிர்ந்தும் காணப்பட்டன. மேடாயின் கதிரவனை நோக்கிய பக்கம்தானே ஒளிர வேண்டும்? அப்பக்கம் இருண்டு, மறுபக்கம் ஒளிர்ந்தால் அது குழி. காலைக் கதிரவன் எழும்போது நம் மலைப்பள்ளத்தாக்குகளில் நிகழ்வதும் அதுவே. அத்தகைய பெரும் வட்டப் பள்ளம் ஒன்றை, சுற்றிலும் மலை சூழ்ந்த பொகீமியா நாட்டுக்கு அவர் ஒப்பிட்டார். மேலும் நிலவில் கதிரொளி ஏற ஏற அச்சிறு கருமைகள் சுருங்கின. வெறுங்கண்ணுக்குத் தெரியும் பெருங்கருமைகளோ அவ்வாறு மாறவில்லை. மாறுவது நிழல், மாறாதது கறை! சாளரத்தை மூடியும் திறந்தும் எங்கள் ஆசிரியர் காட்டிய சோதனையை, வானத்தில் கதிரவனே கலீலியோவுக்குச் செய்து காட்டியது.

அவர் அதனோடு நிற்கவில்லை. இருண்ட பகுதிக்குள் தனித்து ஒளிரும் புள்ளிகளைக் கண்டு, அவை கதிரொளி முதலில் தொடும் மலையுச்சிகள் என்று உணர்ந்தார். சில புள்ளிகள் எல்லையிலிருந்து நிலவின் விட்டத்தில் இருபதில் ஒரு பங்குக்கு மேலும் தள்ளி இருந்தன. நிலவின் விட்டம் ஏறத்தாழ 2000 இத்தாலிய மைல் என்பது அவர் கொண்ட கணக்கு. அப்படியாயின் ஆரம் 1000. புள்ளியின் தொலைவு 100. எல்லையைத் தொட்டுச் செல்லும் கதிர் அங்கே ஆரத்திற்குச் செங்குத்து. இனிப் பத்தாம் வகுப்பு மாணவனும் கணக்கிடலாம். ஆயிரத்தின் வர்க்கமும் நூறின் வர்க்கமும் சேர்ந்தால் 10,10,000. அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 1005. ஆரத்தைக் கழித்தால் மலையின் உயரம் நான்கு மைலுக்கு மேல் என்று வருகிறது. நிலவில் ஐந்து கிலோமீட்டருக்கு மேற்பட்ட மலைகள் இருப்பதை இன்றைய அளவீடுகள் காட்டுகின்றன. ஒரு நிழலைச் சரியாகப் படித்ததால் எட்டாத மலைக்கும் அளவுகோல் கிடைத்தது. இவற்றையெல்லாம் கலீலியோ 1610 மார்ச்சில் வெனிஸ் நகரில் வெளியிட்ட 'விண்மீன் தூதன்' என்னும் சிறு நூலில் படங்களுடன் அச்சிட்டார்.

கருவியின் வேறுபாடுதானே இது என்று சிலர் கேட்கலாம். அக்கேள்வி நேர்மையானதே. ஹாரியட்டின் கருவி ஆறு மடங்கு பெரிதாக்கியது. கலீலியோவுடையது இருபது மடங்கு. கருவியின் பங்கை நாம் மறுத்தல் ஆகாது. ஆனால் பணியார உவமை சொன்ன லோயரே, கலீலியோவின் செய்தியை அறிந்தபின் 1610 ஜூனில் மீண்டும் ஹாரியட்டுக்கு எழுதினார். நிலவெங்கும் விந்தையான புள்ளிகளைத் தாம் முன்பே கண்டதுண்டென்றும், ஆனால் அவற்றுள் எதுவும் நிழலாக இருக்கக்கூடும் என்ற எண்ணமே தமக்கு எழவில்லையென்றும் அவர் மனந்திறந்து ஒப்புக்கொண்டார். அவர் கண் கண்டது, கருத்து காணவில்லை. அந்நாளைய ஆங்கிலேய ஓவியத்தில் நிழலுக்கு அத்துணை மதிப்பும் இல்லை. எலிசபெத் அரசி தம் உருவத்தை எழுதுவிக்க, மரநிழலும் படாத திறந்த தோட்டத்தைத் தேர்ந்து அமர்ந்தார் என்று, அவரை எழுதிய ஹில்லியர்ட் என்ற ஓவியரே குறித்திருக்கிறார். 1610 ஜூலையில் ஹாரியட் மீண்டும் வரைந்த நிலவுப் படத்தில் பள்ளங்கள் இடம்பெற்றன.

உரோமில் கிளாவியுஸ் என்னும் முதுபெரும் கணித அறிஞர் கருவியின் வழியே தாமே பார்த்தபின்னரும், நிலவு கரடுமுரடானது என்பதை ஏற்கத் தயங்கினார். 1611 ஆகஸ்டில் ஓவியர் சிகோலி தம் நண்பர் கலீலியோவுக்கு எழுதிய கடிதத்தில் இதனைக் குறிப்பிட்டு, வரையத் தெரியாத கணித அறிஞர் எத்துணைப் பெரியவராயினும் பாதிக் கணித அறிஞரே. கண்ணில்லாதவரும்கூட என்ற கருத்தை வெளியிட்டார். அது கடுமையான சொல்தான். ஆனால் அவர் சொல்லோடு நிற்காமல், உரோமின் சாந்தா மரியா மஜ்ஜோரே ஆலயத்துக் குவிமாடத்தில் மரியன்னையின் திருவடிக்கீழ்ப் பள்ளங்கள் நிறைந்த நிலவைத் தீட்டி, 1612இல் பணியை முடித்தார்.

சிகோலியின் அந்தச் சொல் என்னையும் சுடுகிறது. காரணத்தை நேயர்களிடம் மறைக்க விரும்பவில்லை. நான் தலைமையாசிரியராக இருந்த பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு வாரம் ஒரு பாடவேளை ஓவியம் இருந்தது. பொதுத்தேர்வு நெருங்குகிறதே என்று ஓராண்டு அப்பாடவேளையை எடுத்துக் கணிதத்துக்குக் கொடுத்துவிட்டேன். ஓவிய ஆசிரியர் என் அறைக்கு வந்து, "தங்கள் விருப்பம் ஐயா" என்று மட்டும் சொல்லிச் சென்றார்.

அவ்வாண்டுத் திருப்புதல் தேர்வில் நன்றாகப் படிக்கும் மாணவன் ஒருவனின் அறிவியல் விடைத்தாள் என் கைக்கு வந்தது. நிலவின் வளர்பிறை தேய்பிறைகளை வரைந்திருந்தான். பெயர்கள் யாவும் பிழையின்றி இருந்தன. ஆனால் கதிரவனை இடப்பக்கம் வரைந்துவிட்டு, நிலவின் ஒளிப்பக்கத்தை வலப்பக்கம் காட்டியிருந்தான். அவனை அழைத்து, "ஏனப்பா, கதிரவன் எந்தப் பக்கம் இருக்கிறது?" என்று கேட்டேன். "புத்தகத்தில் நிலா இப்படித்தான் ஐயா இருக்கும். வலது பக்கம் இடம் இல்லாததால் சூரியனை இந்தப் பக்கம் போட்டேன்" என்றான். அவனுக்கு அந்தக் கருமை மனப்பாடம் செய்த ஒரு கறை. அது நிழல் என்று அவனுக்கு எவரும் சொல்லவில்லை. சொல்லக்கூடியவரின் பாடவேளையைப் பிடுங்கிக்கொண்டவன் நானே. சாளரம் எங்கே என்று இளமையில் என்னைக் கேட்ட ஆசிரியர் நினைவுக்கு வந்தார், நாணினேன்.

மறுவாரமே பாடவேளையைத் திருப்பிக் கொடுத்தேன். ஆனால் ஓவிய ஆசிரியர் ஓய்வு பெற அப்போது நான்கு மாதங்களே இருந்தன. அவருக்குப் பின் நான் ஓய்வு பெறும் வரையில் அவ்விடம் நிரப்பப்படவில்லை.

2023 ஆகஸ்ட் 23ஆம் நாள் நம் நாட்டுச் சந்திரயான்-3 நிலவின் தென்துருவத்தை நெருங்கிய பகுதியில் இறங்கியது. அது அனுப்பிய படங்களைக் கண்டு நாம் யாவரும் மகிழ்ந்தோம். அத்தகைய நிலவுப் படம் ஒன்றை எடுத்துத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். குழிகள் பல மேடுகளாகத் தோன்றும். ஒளி மேலிருந்தே வரும் என்று நம் கண் எண்ணிப் பழகியிருப்பதே அதன் காரணம். படம் மாறவில்லை, சாளரத்தைப் பற்றிய நம் எண்ணம் மட்டுமே பிழைத்தது. ஒளி எங்கிருந்து வருகிறது என்று கேட்காமல் நிழலைப் படிப்பவன் மலையைக் குழி என்பான். குழியை மலை என்பான்.

பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் என் வேண்டுகோள் ஒன்றே. பிள்ளைகள் அனைவரும் ஓவியராக வேண்டியதில்லை. ஒரு முட்டையையோ எலுமிச்சம்பழத்தையோ விளக்கின் அருகே வைத்து, அதன் ஒளியையும் நிழலையும் படிப்படியாகத் தீட்ட ஒரு முறையேனும் அவர்கள் முயலட்டும். வளர்பிறை அட்டமி நாளின் மாலையில், உச்சியை நெருங்கி நிற்கும் பாதி நிலவை அவர்களுக்குக் காட்டுங்கள். கதிரவன் மேற்கே மறைந்துவிட்டிருக்கும். "கதிரவன் எந்தப் பக்கம் இருக்கிறது?" என்று கேளுங்கள். மேற்குப் பக்கம் ஒளிரும் நிலவைப் பார்த்தே பிள்ளை விடை சொல்லுமாயின், எங்கள் ஆசிரியர் கேட்ட கேள்விக்கு நான் அன்று சொல்லத் தவறிய விடையை அது சொல்லிவிட்டது என்று நான் மகிழ்வேன்.